பொன் துகளும் ஒளிக் கதிரும்

சில நோய்களின் பெயரை நம் வீடுகளில் உரக்கச் சொல்வதில்லை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, ‘அந்த வியாதி’ என்று சொல்லும்போதே அது எது என்று நமக்குப் புரிந்துவிடும். சளி, காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று சொல்லுகிற அதே நாக்கு, புற்றுநோய் என்று சொல்ல எழுவதில்லை. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சம் போலும்! ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்தக் கல்வியாண்டு முழுவதும் அந்தப் பெயரைப் பல முறை சொன்னோம், அதைப் பற்றிப் படித்தோம், கேட்டோம், வேண்டிக்கொண்டோம். அப்படி அறிந்தவற்றுள் ஒன்றை நம் ஆண்டு மலரின் வாயிலாகத் தோழியரோடும், பெற்றோரோடும், அருட்சகோதரியரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் விடுதிச் சமையற்கட்டில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் ஆயாம்மாவை இப்பள்ளியில் அறியாதவர் இல்லை. எந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது, எந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டை நினைத்து அழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சோற்றுப் பானையின் அடியில் பிடித்த தீசலைச் சுரண்டி, உப்புத் தூவி உருட்டிக் கொடுப்பார். அந்த உருண்டைக்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும். சிறு பெண்ணாக நாற்று நடப் போன நாளிலிருந்து கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. “பசி தெரியாம இருக்கும் புள்ள” என்பார். சென்ற ஜூன் மாதத்தில் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றியது. “சுண்ணாம்பு பட்டு வெந்துபோச்சு” என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. விடுதிக் காப்பாளரான சிஸ்டர் அவரை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். சிறிது சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்தபின் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

முதலில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. எங்கள் ஊர்ப் பக்கம் இதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் என்று கணக்கு. காலையில் பள்ளி வண்டியில் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். முதலிரண்டு வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து வாய் முழுவதும் புண். ஆறிய கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. கழுத்துத் தோல் கருத்துவிட்டது. எல்லாவற்றையும்விட எங்களை வருத்தியது, அவருடைய நாவில் ருசி அற்றுப்போனதுதான். இருநூறு பிள்ளைகளுக்கு ருசி பார்த்துச் சமைத்தவருக்கு உப்பு எது, புளிப்பு எது என்று தெரியாமற்போயிற்று.

நோய் இருந்ததோ ஒரு கன்னத்தில், ஒரு கொட்டைப்பாக்கு அளவு இடத்தில். நாக்கும் தொண்டையும் என்ன குற்றம் செய்தன? அவை ஏன் வேகவேண்டும்? இந்தக் கேள்வியை நாங்கள் அறிவியல் வகுப்பில் கேட்டோம்.

எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்ன விடை இது: காலரா, டைபாய்டு முதலியவை வெளியிலிருந்து வரும் கிருமிகளால் உண்டாகின்றன. கிருமி வேறு, நாம் வேறு. ஆகவே கிருமியை மட்டும் கொல்லும் மருந்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. புற்றுநோய் செல்லோ வெளியிலிருந்து வந்ததன்று. அது நம்முடைய செல்லே. பெருகுவதை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பெருகிக்கொண்டே போகும் செல். அதைக் கொல்லும் கதிரும் மருந்தும் பக்கத்திலிருக்கும் நல்ல செல்லையும் தாக்கிவிடுகின்றன. இதைச் சொல்லிவிட்டு, விவிலியத்தில் கோதுமைக்கிடையே வளர்ந்த களைகளின் உவமையை நினைத்துப் பாருங்கள் என்றார். களையைப் பறிப்பது கடினமன்று. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் பறிப்பதே கடினம். புற்றுநோய் மருத்துவத்தின் முழுச் சிக்கலும் இதுவே என்று அன்று விளங்கிக்கொண்டோம்.

பிறகு நூலகத்திலும் கணினி அறையிலும் ஓய்வு நேரங்களில் தேடத் தொடங்கினோம். களையை மட்டும் தொடும் மருத்துவம் உலகில் எங்கேனும் உண்டா? தேடியபோது கிடைத்தவற்றுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தது, ஒளியால் விழித்தெழும் நுண்துகள்களைக் கொண்டு செய்யும் சிகிச்சை.

அதன் அடிப்படையை நம் வீட்டு வாசலிலேயே காணலாம். ஆரத்தி எடுக்கும்போது தட்டில் மஞ்சளைக் கரைப்பார்கள். அது மஞ்சளாகவே இருக்கும். சுண்ணாம்பு தனியே இருந்தால் வெள்ளை. இரண்டும் கலந்த இடத்தில்தான் செக்கச் சிவந்த நிறம் பிறக்கிறது. அதுபோல, தனியே இருந்தால் தீங்கு செய்யாத ஒரு பொருளை உடலுக்குள் அனுப்புகிறார்கள். தனியே பட்டால் தீங்கு செய்யாத ஓர் ஒளியை வெளியிலிருந்து பாய்ச்சுகிறார்கள். பொருளும் ஒளியும் எந்த இடத்தில் சந்திக்கின்றனவோ அந்த இடத்தில் மட்டும் செல்கள் மடிகின்றன. மற்ற இடங்களில் ஒன்றும் நிகழ்வதில்லை. வலிமையால் வெல்வதன்று இது; இடம் அறிந்து வெல்வது.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1900-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர் இதனைக் கண்டார். பாரமீசியம் என்னும் ஒரு செல் உயிரியை நாமும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம். செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவம் கொண்டது. அதன்மீது அக்ரிடின் என்னும் சாயத்தின் விளைவை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம்தான். ஆனால் ஒரு நாள் விரைவில் இறந்தன, மற்றொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. வேறுபாடு எங்கிருந்து வந்தது? வெளிச்சத்திலிருந்து! சாயமும் ஒளியும் சேர்ந்தபோதுதான் அவை விரைந்து மடிந்தன. அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் தாப்பைனர் இதன் பயனை உணர்ந்து, 1903-இல் தம் தோழர் ஒருவரோடு சேர்ந்து தோல் புற்றுநோயின்மீது இயோசின் சாயத்தைத் தடவி ஒளியைச் செலுத்திப் பார்த்தார். அதே 1903-ஆம் ஆண்டில், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் நோபல் பரிசு பெற்றார். ஃபின்சென் தாமே நெடுநாள் நோயாளி. பரிசு பெற்ற அடுத்த ஆண்டே தம் 43-ஆம் வயதில் மறைந்தார். தம் உடல் ஒத்துழைக்காதபோதும் பிறர் நோயைத் தீர்க்க முயன்ற அவரை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆயினும் இந்த விதை மரமாக நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டோஹர்டி என்பவர் 1970-களில் இம்முறையை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார். ஃபோட்டோஃப்ரின் என்னும் மருந்துக்கு 1993-இல் கனடாவும், 1995-இல் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. இம்மருந்து ஒளியைப் பெற்றதும் அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்சிஜன், அந்த ஆற்றலைப் பெற்றதும் ஒரு கணம் சீற்றம் கொண்டு அருகிலுள்ள செல்லை அழித்துவிடுகிறது. நல்ல மருந்துதான். ஆனால் ஒரு குறை உண்டு. மருந்து தோலிலும் சில வாரங்கள் தங்கிவிடுவதால், நோயாளி குறைந்தது ஒரு மாதமேனும் வெயில் படாமல் ஒதுங்கி இருக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் இது எவ்வளவு துன்பம் என்று சொல்லவும் வேண்டுமோ?

இங்கேதான் பொன் வருகிறது. பொன் என்றால் நமக்கு நகை நினைவுக்கு வரும். பெற்றோருக்கு அதன் விலை நினைவுக்கு வரும். விஞ்ஞானிகளுக்கு நினைவுக்கு வருவது வேறு. பொன் துருப்பிடிக்காது, மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியாது. மேலும், அளவு மிகச் சிறுத்தால் பொன்னின் நிறமே மாறிவிடும். 1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே பொன்னை நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கச் செய்தபோது அந்த நீர் மாணிக்கக் கல்லைப்போலச் சிவந்தது. அவர் செய்த அந்தக் குப்பிகளை ராயல் நிலையத்தில் இன்றும் பாதுகாக்கிறார்கள். அதற்கும் முன்பே நான்காம் நூற்றாண்டில் ரோமானியர் செய்த ஒரு கண்ணாடிக் கிண்ணம் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தோன்றுமாம். கண்ணாடிக்குள் கலந்திருக்கும் பொன், வெள்ளித் துகள்கள் செய்யும் விந்தை அது.

ஏன் இப்படி? ஒளி என்பது அலை. பொன்னுக்குள் எலக்ட்ரான்கள் தடையின்றித் திரிகின்றன. ஊஞ்சலை அதன் வேகத்துக்கு ஏற்றபடி தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் உயர உயரப் போகும் அல்லவா? அதுபோலத் துகளின் அளவுக்குப் பொருந்திய ஒளி அலை வந்து மோதும்போது எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக ஆடுகின்றன. அந்த ஒளியைத் துகள் விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய ஒளி வெப்பமாகிறது. துகள் சூடேறுகிறது, அதை ஒட்டியிருக்கும் செல் வெந்துபோகிறது. ஏறக்குறைய 50 டிகிரி வெப்பத்தைச் சில நிமிடங்கள்கூட நம் செல்கள் தாங்கமாட்டா.

ஆனால் ஃபாரடேயின் சிறு துகள்கள் விழுங்குவது பச்சை ஒளியை. பச்சை ஒளி நம் உடலுக்குள் ஆழமாகப் போகாது. இதை நாங்கள் விடுதியில் மின்சாரம் நின்ற ஓர் இரவில் சோதித்துப் பார்த்தோம். டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினால் விரல்கள் சிவப்பாக ஒளிர்கின்றன. வெள்ளை ஒளியிலுள்ள மற்ற நிறங்களை நம் இரத்தம் தடுத்துவிட, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது. அதில் சிவப்பை ஒட்டிய பகுதி இன்னும் எளிதாகச் சதைக்குள் செல்லும். அப்படியானால் அந்தக் கதிரை விழுங்கும் பொன் துகள் வேண்டும்.

அந்தத் துகளைச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறோம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நவோமி ஹேலஸ் அவர்கள், 1998-இல் வெளியான ஆய்வில் இதைத் தம் குழுவினருடன் விளக்கினார். மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவில் நுண்ணிய மணியைச் செய்து, அதன்மேல் மெல்லிய பொன் ஓட்டைப் படியவைத்தார்கள். நம் ஊரில் தங்க முலாம் பூசுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். மணியின் பருமனையும் முலாமின் கனத்தையும் மாற்றினால், எந்த ஒளியை விழுங்கவேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். பிற்காலத்தில் நோயாளிகளுக்கென்று செய்யப்பட்ட துகளின் குறுக்களவு சுமார் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்கே இத்தகைய துகள்களை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ ஐம்பது அடங்கும்.

இத்துகள்களைப் புற்றுநோயை நோக்கித் திருப்புவதில் ஹேலஸுடன் கைகோத்தவர் அதே பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஜெனிஃபர் வெஸ்ட். இவரும் பெண்மணியே. 2003-இல் இவர்கள் குழு தம் முடிவுகளை வெளியிட்டது. எலிகளின் கட்டிக்குள் துகள்களைச் செலுத்திக் கதிரைப் பாய்ச்சியபோது 4 முதல் 6 நிமிடங்களுக்குள் வெப்பம் சராசரியாக 37 டிகிரி உயர்ந்தது. துகள் இல்லாத கட்டியில் அதே கதிர் பட்டபோது 10 டிகிரிகூட உயரவில்லை. மஞ்சள் இல்லாத சுண்ணாம்பு சிவக்காதது போலத்தான்! அடுத்த ஆண்டு, துகள்களைக் கட்டிக்குள் நேரே செலுத்தாமல் எலிகளின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். துகளும் கதிரும் பெற்ற எலிகளின் கட்டிகள் மறைந்தன. 90 நாள்களுக்குப் பின்னும் அவை நலமாக இருந்தன.

இரத்தத்தில் ஏற்றிய துகளுக்குக் கட்டி இருக்குமிடம் எப்படித் தெரியும் என்று எங்களுக்கும் ஐயம் வந்தது. 1986-இல் ஜப்பானில் மாட்சுமுரா, மயேதா என்னும் இருவர் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்களும் அவசரத்தில் கட்டிய சுவர்போல ஓட்டையும் உடைசலுமாக இருக்கின்றன. நல்ல குழாயில் புக முடியாத துகள்கள் அந்த ஓட்டைகள் வழியாகக் கசிந்து கட்டியில் தங்கிவிடுகின்றன. தீயது தன் அவசரத்தாலேயே தன் வாசலைத் திறந்து வைத்துவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் தொடக்க நிலையில் இருந்த 16 பேருக்கு அமெரிக்காவில் இச்சிகிச்சையைச் செய்ய முற்பட்டார்கள். துகள்களை இரத்தத்தில் ஏற்றி, பின்னர் மெல்லிய இழை வழியாக லேசர் கதிரைக் கட்டியிருந்த இடத்துக்கே கொண்டு சென்றார்கள். 15 பேருக்கு அது நிறைவேறியது. பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. அன்றாட உடல் இயக்கங்களும் கெடவில்லை. எங்கள் கேள்விக்கு இதுவே விடை என்று துள்ளிக் குதித்தோம்.

அந்த வாரத்தில்தான் ஆயாம்மா, “போதும் புள்ளைங்களா, இனி கரண்டு வேண்டாம். நான் ஊருக்குப் போறேன்” என்று சொல்லத் தொடங்கினார். நான்காவது வாரம் அது. இன்னும் பத்து நாள் சிகிச்சை பாக்கி. அவருடைய மகனும் வந்து, “அம்மா படற பாடு பாக்க முடியல சிஸ்டர்” என்று கண் கலங்கினார். பொன் துகளைப் பற்றி ஆயாம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது. சொன்னால் நம்பிக்கை பிறக்குமே என்றனர் சிலர். சொன்னால், அந்த மருந்து வரட்டும் என்று இந்த மருந்தை விட்டுவிடுவாரே என்றனர் சிலர். ஆகவே பள்ளிக்கு மருத்துவப் பரிசோதனைக்காக வந்த மருத்துவர் அம்மையாரிடம் முதலில் கேட்டோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். எலியின் உடலில் நடந்தது அப்படியே மனித உடலில் நடப்பதில்லை. ஊசி வழியே ஏற்றும் நானோ துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. முந்தைய பத்தாண்டு ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஏற்றிய துகள்களில் ஆயிரத்துக்கு ஏழு என்ற அளவே கட்டியைச் சென்று சேர்வதாகத் தெரிந்தது. அதுவும் பெரும்பாலும் எலிகளில் கண்ட கணக்கு. ஒளியும் சில சென்டிமீட்டருக்குமேல் உள்ளே போகாது. நோய் உடலின் பல இடங்களுக்குப் பரவிவிட்டால் எங்கெங்கே ஒளி பாய்ச்சுவது? ஆகையால் பொன் துகள் சிகிச்சை இன்னும் சோதனைப் படியில்தான் நிற்கிறது.

“ஆனால் வாய் என்பது திறந்தால் ஒளி படும் இடம்” என்று அவரே தொடர்ந்தார். ஜப்பானில் 2020 செப்டம்பரில், தலை, கழுத்துப் பகுதியில் அறுவை செய்ய இயலாத புற்றுநோய்க்கு ஒளி மருந்து ஒன்றை அரசு அனுமதித்தது. ஹிசாட்டாகா கொபயாஷி என்னும் விஞ்ஞானி அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியின் பயன் அது. அதில் பொன் இல்லை. புற்றுநோய் செல்லைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளோடு ஒரு சாயத்தைப் பிணைத்திருக்கிறார்கள். சிவப்பு லேசர் ஒளி பட்டதும் சாயம் மாறி, அது பற்றிய செல்லின் சவ்வைக் கிழித்துவிடுகிறது. அதற்கும் வலி, வீக்கம் போன்ற பக்க விளைவுகள் உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு மருத்துவர் அம்மையார் எங்களைப் பார்த்து, “நாளை வரப்போகும் மருந்தை நினைத்து இன்றைய மருந்தை நிறுத்தக் கூடாது. கதிர்வீச்சு பல்லாண்டுகளாகச் சோதித்து நிறுவியது. நடுவில் விட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். வாய்ப்புண் ஆறிவிடும். இதைச் சொல்லுங்கள்” என்றார்.

அன்று மாலை ஜெபமாலை முடிந்தபின் நாங்கள் அனைவரும் ஆயாம்மாவின் அறைக்குச் சென்றோம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். புதிய வைத்தியம் வருகிறது; ஆனால் இப்போது கைக்கு எட்டாது. கையிலிருக்கும் வைத்தியத்தை முடிக்கவேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வெளிச்சம் சுடுமா?” என்று கேட்டார். தானாகச் சுடாது, துகள் இருக்கும் இடத்தில்தான் சுடும் என்றோம். “அந்த எலி பொழச்சுதா?” என்றார். “பொழச்சுது ஆயாம்மா.” “அப்ப சரி. யாருக்காவது ஆகும்” என்றார். மறுநாள் காலையில் வண்டி புறப்படும் நேரத்துக்கு முன்பே வாசலில் வந்து நின்றார். மீதமிருந்த பத்து நாளும் எங்களில் இருவர் முறைவைத்து ஒரு குவளை நீர்மோரை உப்பில்லாமல் கலக்கி, அவர் திரும்பும் நேரத்துக்கு எடுத்துச் சென்றோம்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் சில ஆகின்றன. புண் ஆறியிருக்கிறது. குழைந்த சோறு சாப்பிடுகிறார். ருசி முழுதும் திரும்பவில்லை. ஆதலால் சாம்பாரில் உப்புப் பார்க்கும் பொறுப்பை எங்களுக்கு அளித்திருக்கிறார். புகையிலை வைத்திருந்த தகர டப்பாவில் இப்போது பொத்தான்களும் ஊசி நூலும் இருக்கின்றன. குறிப்பிட்ட நாள்களில் மருத்துவமனைக்குச் சென்று காட்டி வருகிறார். இன்னும் சில ஆண்டுகள் அப்படிக் காட்டிவரவேண்டும் என்கிறார்கள்.

அன்புப் பெற்றோரே, தோழியரே! ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு வரும் வழி எவ்வளவு நீளமானது என்பதை இந்த ஆண்டில் உணர்ந்தோம். ராப் கண்ட உண்மை மருந்தாக வர 90 ஆண்டுகளுக்குமேல் ஆயின. ஹேலஸ் செய்த துகள் பற்றிய முதல் ஆய்வுக்கும், 16 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் அறிக்கைக்கும் இடையே 21 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் யாரோ ஒருவர் விளக்கை ஏற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆனால் நாம் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. வாயில் தோன்றும் புண் இரண்டு மூன்று வாரங்களில் ஆறாவிட்டாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்க லேசர் எதற்கு? புகையிலையும், புகையிலை சேராத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தருவன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இதை வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடம் அன்போடு எடுத்துச் சொல்வது நம் கடமை. நாங்கள் சென்ற விடுமுறையில் ஆளுக்கொரு வீடாகச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள், சிலர் பெட்டியை எடுத்து ஒளித்துவைத்தார்கள், ஒரு பாட்டி மட்டும் வாயைத் திறந்து, “பாரு கண்ணு” என்றார்.

இன்னும் சில வாரங்களில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு நாங்கள் இந்த விடுதியை விட்டுப் பிரியப் போகிறோம். எங்களில் சிலர் மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் எடுக்க எண்ணியிருக்கிறோம். ஹூஸ்டன் நகரத்துப் பெண்மணிகள் இருவர் செய்ததை, நம் பள்ளி மாணவி ஒருத்தி ஒரு நாள் மேலும் ஓர் அடி எடுத்து வைப்பாளாக. மண்ணில் பொன்னையும் வானில் ஒளியையும் படைத்த இறைவன், அவ்விரண்டையும் சேர்த்து நோய் தீர்க்க முயல்வோரின் கைகளை ஆசீர்வதிப்பாராக. நோயுற்றோர் அனைவருக்கும், கையிலிருக்கும் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்கும் மன உறுதியையும், துணைக்கு நிற்கும் மனிதர்களையும் அருள்வாராக.